ஏழை சொல் அம்பலம் ஏற யார் தோள் கொடுப்பார்?

கடிதத்தின் சாரம்

கடிதம் எழுதியவருக்கு 38 வயது. மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். இவருடைய தந்தை, தொழில் கூட்டாளி ஏமாற்றிய பணத்துக்காக வழக்குப் போட்டார். வழக்கு 19 ஆண்டுகள் இழுத்தது. தந்தை காலமாகி எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு சாதகமாக வந்தது. அதற்குள் எதிராளியின் பெயரில் ஜப்தி செய்ய ஒரு சொத்தும் மிஞ்சவில்லை. அந்தக் காயம்தான் "அரசே இல்லாத, சந்தை மட்டுமே உள்ள சமூகம்" என்ற சிந்தனைக்குள் இவரைக் கொண்டுபோயிருக்கிறது. பல ஆண்டுகள் படித்தும் விவாதித்தும் மூன்று முடிவுகளுக்கு வந்திருக்கிறார். ஒன்று, பாதுகாப்பும் நீதியும் அரசின் ஏகபோகமாக இருப்பதால்தான் மோசமாக இருக்கின்றன. போட்டி வந்தால் விலை குறையும், தரம் உயரும். இரண்டு, வன்முறையும் மோசடியும் இல்லாமல் சேர்த்த செல்வம் எவ்வளவு பெரிதானாலும் நியாயமானது. மூன்று, ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் வேறு சட்டம் தேவையில்லை.

இப்போது இதே எண்ணமுள்ள 14 குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி, ஒப்பந்தத்தை மட்டுமே சட்டமாகக் கொண்ட ஒரு குடியிருப்பைத் தொடங்கவிருக்கின்றன. சேமிப்பில் பாதியைப் போடும்படி இவரைக் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தின் முக்கியப் பிரிவுகளை எனக்கு அனுப்பியிருக்கிறார். மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் கேட்ட ஒரு கேள்விக்கு இவரால் பதில் சொல்ல முடியவில்லை: "நாளைக்கு நம்ம கையில காசு இல்லாதப்போ, காசு இருக்கிறவன் நமக்கு அநியாயம் செஞ்சா, நமக்காக யார் வருவா?" கையெழுத்துப் போடலாமா, அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தைக்கு நடந்தது அநியாயம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நீதிமன்றத்தில் வாழ்க்கையைக் கழித்த வக்கீல், தீர்ப்பு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு "இனி இதை வைத்து என்ன செய்ய?" என்று கேட்ட பிள்ளைகளை நேரில் பார்த்திருக்கிறேன். அரசின் மேல் நம்பிக்கை போனதற்காக உங்களை நான் குறைசொல்ல மாட்டேன். உங்கள் சிந்தனையைப் பகல்கனவு என்று தள்ளிவிடவும் மாட்டேன். உங்கள் உறவினர்கள் அதை "அராஜகம்" என்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் அரசன் இல்லாத நிலை, அவ்வளவுதான். நம் மொழியில் அது அக்கிரமம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. அரசு இல்லையென்றால் சட்டமும் இருக்காது என்று நாம் எவ்வளவு ஆழமாக நம்புகிறோம் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. அந்த நம்பிக்கை தவறு. அரசு இல்லாமலும் சட்டம் இருந்திருக்கிறது. இந்த இடத்தில் உறவினர்களைவிட நீங்கள் உண்மைக்கு அருகில் இருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் மனைவி உங்களைவிட அருகில் இருக்கிறார். அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதில்.

அரசில்லாமல் முந்நூறு ஆண்டுகள்

பாதுகாப்பையும் மற்ற சரக்குகளைப் போலச் சந்தையில் விடலாம் என்று பெல்ஜியத்தைச் சேர்ந்த பொருளியலாளர் குஸ்தாவ் தெ மொலினாரி 1849இலேயே எழுதிவிட்டார். நீங்கள் படித்திருக்கும் அமெரிக்கப் பொருளியலாளர்கள் மர்ரே ராத்பார்டும் டேவிட் ஃபிரீட்மனும் 1973இல் அதை முழு வடிவில் முன்வைத்தார்கள்: சந்தா கட்டுபவர்களுக்குத் தனியார் நிறுவனங்களே காவலும் நீதியும் தரும். எழுத்தில் அது எப்படித் தெரிகிறது என்பதைவிட, அதற்கு மிக நெருக்கமாக வாழ்ந்து பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையே நான் பார்க்க விரும்புவேன். ஃபிரீட்மனும் அப்படித்தான் பார்த்தார். 1979இல் அவர் ஆராய்ந்து எழுதியது இடைக்கால ஐஸ்லாந்தைப் பற்றி.

930ஆம் ஆண்டில் அங்கே அல்திங் என்ற பொதுச் சபை தொடங்கியது. மன்னன் இல்லை, காவல் படை இல்லை, தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரி ஒருவர்கூட இல்லை. சட்டம் எழுதப்படாத காலத்தில், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டுகளில் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சபையில் ஓதுவதற்கு ஒரு "சட்டம் உரைப்பவர்" இருந்தார். ஊதியம் பெற்ற பொது ஊழியர் அவர் ஒருவரே. மற்றபடி கோதி எனப்பட்ட தலைவர்கள் உண்டு. ஒரு விவசாயி எந்தத் தலைவனின் கீழ் இருப்பது என்று, சில வரம்புகளுக்குள், தானே தேர்ந்துகொள்ளலாம்; பிடிக்காவிட்டால் மாறலாம். தலைமைப் பதவியை விற்கலாம், வாங்கலாம், பங்கு போடலாம். கொலைக்கும் பெரும்பாலும் ஈட்டுத்தொகைதான். கட்ட மறுத்துச் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனை யார் கொன்றாலும் கேட்பாரில்லை.

அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி வேறொன்று. அநியாயம் நடந்தவன் தன் வழக்குரிமையை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பலமில்லாதவன் தன் வழக்கைப் பலமுள்ளவன் கையில் ஒப்படைப்பான். அவன் வழக்காடி ஈட்டுத்தொகையை வாங்கிக்கொள்வான். உங்கள் மனைவியின் கேள்விக்கு மனிதர்கள் கண்டுபிடித்த கூர்மையான பதில்களில் இது ஒன்று. ஏழையின் குறை வேறொருவருக்கு ஆதாயம் தரும் சொத்தாகிறது. அதனால் அவனுக்காக ஒருவர் வருகிறார். உங்கள் தந்தையிடம் வழக்கின் இரண்டாம் ஆண்டில் ஒருவர் வந்து, "பாதித் தொகையை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், மீதி என் பாடு" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வழக்குக்கு முதலீடு செய்வது இன்று சில நாடுகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

விலையும் இருந்தது. ஆதரவு கேட்டுப் போனவன் தன் நிலத்தையே தலைவனுக்கு எழுதிக்கொடுத்த நிகழ்ச்சிகள் அந்த நாட்டுப் பழங்கதைகளில் வருகின்றன. அடிமைகளும் அங்கே இருந்தார்கள். அடிமையைக் கொன்றால் ஈட்டுத்தொகை போய்ச் சேர்ந்தது உடைமையாளனுக்கு. பதவிகள் கைமாறக்கூடியவை என்பதால் மெல்ல மெல்லச் சில குடும்பங்களிடம் குவிந்தன. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கை விரலுக்கு ஒன்றிரண்டு கூடுதலான குடும்பங்களே பெரும்பாலான பதவிகளை வைத்திருந்தன. தலைவனை மாற்றும் உரிமை ஏட்டில் இருந்தது, மாறிப்போக வேறு தலைவன் இல்லை. 1220 வாக்கில் தொடங்கிய சண்டை நாற்பது ஆண்டுகள் ஓடியது. களைத்துப்போன மக்கள் 1262 முதல் 1264 வரையான ஆண்டுகளில் நார்வே மன்னனை ஏற்றுக்கொண்டார்கள்.

முந்நூறு ஆண்டு என்பது சிறிய காலம் இல்லை. பல அரசுகள் அவ்வளவு நாள் நின்றதில்லை. ஆகவே "அந்த முறை தோற்றது" என்று நான் வாதாடப் போவதில்லை. எது இருந்தவரை அது நின்றது என்பதுதான் எனக்கு முக்கியம். தலைவர்கள் பலராகவும், ஏறக்குறைய ஒரே பலத்துடனும் இருந்தவரை அது நின்றது. இன்றைய வைர வணிகர்களின் சங்கங்களிலும் இதையே காணலாம். பெரும் தொகைகளைப் பற்றிய தகராறுகளைக்கூட அவர்கள் நீதிமன்றம் போகாமல் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படாதவனின் பெயர் அறிவிப்புப் பலகைக்குப் போகும். பிறகு அவனோடு யாரும் வியாபாரம் செய்யமாட்டார்கள். நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள், ஒருவரை ஒருவர் ஒதுக்கிவைக்கும் பலம் உள்ளவர்கள். இப்படிப்பட்டவர்களிடையே அரசில்லாச் சட்டம் நன்றாகவே நடக்கிறது. உங்கள் மனைவி கேட்டது பலம் சமமாக இல்லாத நாளைப் பற்றி.

நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது யார்?

போட்டி வந்தால் நீதியின் தரம் உயரும் என்கிறீர்கள். எந்தச் சந்தையிலும் விற்பவன் தன் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தத்தான் போட்டியிடுவான். நீதிச் சந்தையில் வாடிக்கையாளர் யார்? ஒருவருக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு தகராறுகள் வரும். ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாதம் நூறு வரும். கட்டணம் வாங்கித் தகராறு தீர்க்கும் தனியார் நடுவர் நிறுவனம் பிழைப்பது யாரால் என்று பாருங்கள்.

சட்ட அறிஞர் மார்க் கேலன்டர் 1974இல் எழுதிய ஒரு கட்டுரையில் வழக்காடுபவர்களை இரண்டாகப் பிரித்தார்: மீண்டும் மீண்டும் வருபவர்கள், ஒரே ஒரு முறை வருபவர்கள். மீண்டும் வருபவருக்கு நடைமுறை தெரியும், ஆட்களைத் தெரியும், இன்றைக்கு ஒரு வழக்கை விட்டுக்கொடுத்து நாளைக்கு ஒரு விதியைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளத் தெரியும். அவர் பேசியது அரசு நீதிமன்றங்களைப் பற்றித்தான் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இந்த நோய் அரசு நீதிமன்றத்திலும் இருக்கிறது. ஆனால் அங்கே நீதிபதியின் சம்பளம் உங்கள் எதிராளியின் அடுத்த நூறு வழக்குகளைச் சார்ந்திருப்பதில்லை. தனியார் முறையில் சார்ந்திருக்க முடியும். அமெரிக்காவில் கடன் அட்டைத் தகராறுகளை ஏராளமாகத் தீர்த்துவந்த ஒரு தனியார் நடுவர் நிறுவனத்துக்கும் கடன் வசூல் தொழிலுக்கும் மறைமுகப் பணத் தொடர்பு இருப்பதாகக் குற்றம்சாட்டி, மினசோட்டா மாநிலத் தலைமைச் சட்ட அலுவலர் 2009இல் வழக்குத் தொடுத்தார். சில நாட்களுக்குள் அந்த நிறுவனம் நுகர்வோர் வழக்குகளை இனி எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு விலகியது. அந்த வழக்கைத் தொடுக்க ஓர் அரசு அலுவலர் இருந்தார். நீங்கள் விரும்பும் சமூகத்தில் அந்த இடத்தில் யாரை நிறுத்துவீர்கள்?

"நற்பெயரை இழப்போம் என்ற பயம் போதும்" என்பது உங்கள் பதிலாக இருக்கும். அந்தப் பயம் உண்மைதான், வைர வணிகர்களிடம் அதைப் பார்த்தோம். ஆனால் ஒரே கிணற்றின் உரிமையாளரை யார் ஒதுக்கிவைப்பார்கள்? கூலிக்காரனுக்குத் தராமல் விட்ட கூலி ஊரார் காதுக்கு வருமா? வந்தாலும் அதற்காகத் தங்கள் ஆதாயத்தை எத்தனை பேர் விடுவார்கள்?

இன்னொரு திருத்தம். "தனியார் நடுவர் முறை அரசைவிடச் சிறப்பாக நடக்கிறது, அதுவே என் ஆதாரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் நடுவராக இருந்திருக்கிறேன், அந்த முறையை மதிக்கிறேன். ஆனால் அதன் தீர்ப்புகள் எல்லை தாண்டி மதிக்கப்படுவதற்குக் காரணம் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. தோற்றவன் பணம் கட்டாவிட்டால் நாம் போய்த் தட்டுவது அந்த நாட்டு நீதிமன்றத்தின் கதவை. அந்தக் கதவு இருக்கிறது என்பதால்தான் பலர் தட்டாமலே கட்டிவிடுகிறார்கள்.

செல்வத்தின் மூலப்பத்திரம்

மோசடியும் வன்முறையும் இல்லாமல் சேர்த்த செல்வம் நியாயமானது என்ற உங்கள் வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு வக்கீலாக ஒன்று மட்டும் கேட்பேன். சொத்து வாங்க வருபவரிடம் நாங்கள் மூலப்பத்திரத்தைக் கேட்போம். இன்றைக்கு விற்பவர் நல்லவர் என்பது போதாது, அவருக்கு விற்றவர், அவருக்கும் முன்னால் இருந்தவர் என்று பின்னோக்கிப் போவோம். உலகத்தின் நிலங்களுக்கும் கனிமங்களுக்கும் அப்படிப் பின்னோக்கிப் போனால் பெரும்பாலான இடங்களில் எங்கோ ஒரு வாள் வந்து நிற்கும். நாளைக் காலையில் அரசு மறைந்துபோய், இருப்பவை எல்லாம் இருப்பவர்களுக்கே என்று ஒப்பந்தச் சமூகம் தொடங்கினால், அந்த வாளின் வேலையையும் சேர்த்தே நாம் பதிவுசெய்கிறோம். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்ற பழைய நிலைக்குப் புதிய பத்திரம் எழுதியதாகிவிடும்.

நீங்கள் மதிக்கும் சிந்தனையாளர்கள் இதைக் கவனிக்காதவர்கள் இல்லை. பறிக்கப்பட்ட நிலம் பறிகொடுத்தவருக்கோ வாரிசுக்கோ திரும்ப வேண்டும் என்று ராத்பார்ட் உறுதியாக எழுதினார். அமெரிக்காவில் அடிமைகள் விடுதலையானபோது அவர்கள் உழைத்த தோட்டங்களும் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதியாக இருந்த ஜெனரல் ஷெர்மன் 1865 ஜனவரியில் அப்படி ஓர் ஆணையைப் பிறப்பிக்கவும் செய்தார்: குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய உரிமையாளர்களிடம் திருப்பிவிட்டார். பறித்ததும், கொடுத்ததும், மீண்டும் பறித்ததும் அரசு என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். ஆனால் அரசில்லாத இடத்தில், அந்தத் தோட்டக்காரர்கள் தங்கள் சொந்தப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்கையில், கையில் ஒன்றும் இல்லாத விடுதலை அடிமைக்காக அந்த வழக்கை எந்த நிறுவனம் நடத்தும்? ஃபிரீட்மன் இதில் நேர்மையானவர். அவருடைய ஏற்பாட்டில் சட்டத்தின் உள்ளடக்கமே நிறுவனங்களின் பேரத்தில் உருவாகும். எந்த விதிக்கு யார் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதைப் பொறுத்து விதி அமையும். கொடுக்க முடிந்தவரின் விருப்பம் அங்கே கனமாக இருக்கும் என்பது அதன் மறுபக்கம்.

உங்கள் பக்கம் உள்ள ஒரு வலுவான வாதத்தைக் கடிதத்தில் நீங்கள் பயன்படுத்தவே இல்லை. இன்றைய பெருஞ்செல்வத்தில் ஒரு பகுதி அரசு தந்த சலுகையால் வந்தது: உரிமங்கள், காப்புரிமைகள், மானியங்கள், 2008இல் நடந்தது போன்ற வங்கி மீட்புகள். வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பதும் அப்படித்தான். ஆலை வெடித்து ஊர் அழிந்தாலும் பங்குதாரர் தன் பங்குத் தொகைக்கு மேல் இழக்கமாட்டார் என்ற ஏற்பாட்டைப் பிரிட்டனில் பொதுவான உரிமையாக்கியது 1855ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தம் செய்தவரிடம் அப்படி வரம்பு போட்டுக்கொள்ளலாம். வழியில் போன அந்நியனிடம் எந்த ஒப்பந்தத்தால் போடுவீர்கள்? அரசில்லாச் சமூகத்தில் இந்தத் திரை கிழிந்தால் பெரிய செல்வம் இன்றைய அளவுக்குக் குவியாமல் போகலாம். இதை நான் மனதாரச் சொல்கிறேன். உங்கள் மனைவியோடு பேசும்போது அரசு ஏழைக்கு மட்டும் உதவுவதில்லை, பணக்காரனுக்கும் கவசம் தைத்துக் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கையெழுத்துப் போடாதவர்கள்

"ஒப்பந்தம் இருந்தால் சட்டம் தேவையில்லை." உங்கள் மூன்று முடிவுகளில் எனக்கு மிகவும் கவலை தருவது இது. உங்கள் மகள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள்? வேலைக்கு வருபவர், விருந்தாளி, பக்கத்து நிலத்துக்காரர், நாளை பிறக்கப்போகும் குழந்தை, நினைவு தவறிய முதியவர்: மனிதர்களில் பலர் எந்த நேரத்திலும் கையெழுத்துப் போடாதவர்களாகவோ போட முடியாதவர்களாகவோ இருக்கிறார்கள். தந்தையே மகளை வதைத்தால், அவள் சார்பில் சந்தா கட்டியவரும் அந்தத் தந்தைதானே?

சோமாலியாவில் 1991இல் மத்திய அரசு விழுந்த பிறகு, ஹீர் என்ற பழைய வழக்காற்றுச் சட்டம் பெரும் பகுதி வாழ்க்கையைத் தாங்கிப் பிடித்தது. அதை இகழ எனக்கு மனமில்லை. அரசு செய்யாத வேலையை அது செய்தது. ஆனால் அதில் ஒருவரின் காப்பு அவருடைய குலம். ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகம், பெண்ணுக்கு ஐம்பது என்பது மரபுக் கணக்கு. சிறிய, பலமற்ற குலத்தைச் சேர்ந்தவருக்குப் பலமான குலத்தாரிடமிருந்து அந்த ஈட்டை வாங்கித் தருவது பெரும்பாலும் முடிவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதரைப் பாருங்கள். கிளாரன்ஸ் கிதியன் என்பவர் வக்கீல் வைக்கப் பணமில்லாமல் தண்டனை பெற்று, சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கடும் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். மறுவிசாரணையில் வக்கீலோடு நின்ற அவர் அதே ஆண்டு விடுதலையானார். அவரைச் சிறையில் தள்ளியதும் அரசுதான் என்பதை மறக்கவில்லை. ஆனால் அவருடைய மனுவை வாசிப்பதால் யாருக்கும் ஒரு காசு ஆதாயம் இல்லை. ஆனாலும் அதை வாசித்தாக வேண்டிய ஓர் இடம் இருந்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏற வேண்டுமானால், ஏற்றிவிடுவதில் ஆதாயம் உள்ள ஒருவர் வேண்டும், ஐஸ்லாந்தில் இருந்ததைப் போல. இல்லாவிட்டால் ஏற்றிவிடக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும். உங்கள் குடியிருப்பின் ஒப்பந்தத்தில் இந்த இருவரில் ஒருவரையும் நான் காணவில்லை.

உங்கள் முன்னால் இருக்கும் ஒப்பந்தம்

இப்போதுள்ள வடிவத்தில் இதில் கையெழுத்துப் போடாதீர்கள். காரணங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடைசிக் காரணத்துக்கு மட்டும் சற்று நேரம் தேவை.

முதலாவது, எல்லாத் தகராறுகளும் நிறுவனர்கள் தேர்ந்த ஒரே நடுவர் நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்கிறது ஒப்பந்தம். தகராறே நிறுவனருக்கும் உங்களுக்கும் இடையில் என்றால்? ஒவ்வொரு தரப்பும் ஒரு நடுவரை நியமித்து, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தேர்வது பல காலமாக உள்ள வழக்கம். அதைக் கேளுங்கள். நடுவர் கட்டணத்தை முன்பணமாக முழுவதும் புகார் தருபவரே கட்ட வேண்டும் என்ற வரியை எடுக்கச் சொல்லுங்கள். காசில்லாத நாளில் உங்களைத் தடுக்கப்போவது அந்த வரிதான்.

இரண்டாவது, விதிகளைப் பங்கு அளவின்படி வாக்களித்து மாற்றலாம் என்று இருக்கிறது. அதாவது நீங்கள் கையெழுத்திடுவது இன்றைய விதிகளுக்கு. கட்டுப்படப்போவது நாளைய விதிகளுக்கு. வெளியேறும் உரிமை, வழிப்பாதை, தண்ணீர் ஆகிய மூன்றையும் உங்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்று தனியாக எழுதி வாங்குங்கள். சுற்றிலும் உள்ள நிலம் ஒருவர் கைக்குப் போய்விட்டால், உங்கள் வீடு உங்களுடையதாகவே இருக்கும். வாசலைத் தாண்ட மட்டும் அவர் அனுமதி வேண்டியிருக்கும்.

மூன்றாவது, "எந்த அரசின் சட்டமும் இங்கே பொருந்தாது" என்ற வாசகம். அப்படி எழுதிவிட்டால் அரசு ஒதுங்கிப்போகாது. கொலை, அடிதடி, குழந்தை வதை போன்ற குற்றங்களைத் தனியார் நடுவரிடம் ஒப்படைக்க நாட்டுச் சட்டங்கள் பொதுவாக விடுவதில்லை. அரசே சிறப்பு அனுமதி கொடுத்த இடத்துக்குக்கூட உறுதி இல்லை: மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் தனி நிர்வாக மண்டலங்களுக்கு 2013இல் வழி செய்தார்கள், 2022இல் அந்தச் சட்டத்தை ரத்துசெய்தார்கள், 2024இல் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே முதலீடு செய்த நிறுவனம் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டுப் பன்னாட்டு நடுவர் மன்றம் போனது. பாதிச் சேமிப்பைப் போட்ட ஒரு குடும்பத்தால் அந்த அளவு வழக்காட முடியாது.

கடைசியாக, 31ஆம் பிரிவு. நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நகலில் நான்தான் பார்த்தேன். மாதக் கட்டணம் பாக்கி விழுந்தால் குடியிருப்பின் வேலைகளைச் செய்து கடனைக் கழிக்க வேண்டும், கழியும் வரை வெளியேறக் கூடாது என்கிறது. தயவுசெய்து இதை உங்கள் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கடனுக்கு உடலையே ஈடாக வைக்கும் வழக்கத்தைப் பழங்கிரேக்க நகரமான ஏதென்சில் சட்டம் இயற்றிய சோலன் நிறுத்தியது கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கட்டாய உழைப்புக்கு எதிரான பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கை வந்தது 1930இல். பெரும்பாலான நாடுகளில் இந்தப் பிரிவு செல்லாது என்பதோடு, இதை நிறைவேற்றுபவர் குற்றவாளியும் ஆவார். ஆனால் நீங்கள் கனவு காணும் சமூகத்தில் இது செல்லுமா? உங்கள் ஆசான்களே இதில் ஒருமித்த கருத்துள்ளவர்கள் இல்லை. மனிதனின் விருப்பாற்றல் கைமாற்றக்கூடிய பொருள் இல்லை, ஆகவே தன்னை அடிமையாக விற்கும் ஒப்பந்தம் செல்லாது என்றார் ராத்பார்ட். சுதந்திரமான அமைப்பு ஒருவர் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளவும் அனுமதிக்கும் என்று 1974இல் எழுதினார் அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக். இவ்வளவு அடிப்படையான விஷயத்தில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று உங்கள் 14 குடும்பங்களும் பேசி முடிவுசெய்ததாகத் தெரியவில்லை. யாரோ ஒருவர் எழுதிவிட்டார், மற்றவர்கள் வாசிக்காமல் விட்டுவிட்டார்கள். சட்டம் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது, அரசு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நண்பர்களைவிட்டு விலகச் சொல்லவில்லை. இழந்தால் தாங்கக்கூடிய சிறு தொகையோடு சேரலாம். முதல் இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்து பார்க்கலாம். மேலே சொன்ன திருத்தங்களை நிபந்தனையாக வைக்கலாம். கூட ஒன்று: வரவில் ஒரு பங்கை ஒதுக்கி, காசில்லாத உறுப்பினருக்கும் அங்கே வேலைக்கு வருபவருக்கும் குழந்தைக்கும் சுதந்திரமான வக்கீல் வைக்க ஒரு நிதி வேண்டும் என்று கேளுங்கள். வழக்குரிமையை வெளியாருக்கு விற்கவும் அனுமதி கேளுங்கள். இரண்டுமே சந்தை நெறிக்கு எதிரானவை இல்லை. விருப்பப்பட்டு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் மனைவியை அழைத்துச் செல்லுங்கள். அதே கேள்வியை அவரே கேட்கட்டும். அங்கே என்ன பதில் வருகிறது, யார் பேசுகிறார்கள், யார் பேச்சை மாற்றுகிறார்கள் என்று கவனித்து, திருத்திய நகலோடு மறுபடி எனக்கு எழுதுங்கள். 31ஆம் பிரிவை எடுக்க மறுத்தால், நகல் அனுப்ப வேண்டாம். பணத்தையும் போட வேண்டாம்.